பூனைவணங்கியும் ஒத்தைப்பேர் மந்திரியும்

மலைக்கு இந்தப் பக்கம் செங்குளம்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல பேச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எல்லாரும் சத்தமா உம் கொட்டுங்க, அப்பத்தான் கதை நகரும்.

பேச்சி பொறந்தது மலைக்கு அந்தப் பக்கம். கல்யாணம் கட்டி இங்க வந்தா, வந்த மூணாம் வருசமே புருசன் பாம்பு கடிச்சுச் செத்துப் போயிட்டான். பொறந்த வீட்டுலயும் ஆளு இல்ல. எங்க போவா? மூட்டையைக் கட்டிட்டு வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. அப்ப அடுத்த வீட்டு இருளாயி கஞ்சிக் கலயத்தோட வந்து, "இந்தா, மொதல்ல இதைக் குடி. நீ எங்க ஊருப் பொண்ணு, எங்கயும் போவக் கூடாது"ன்னா. ஒருத்தி கஞ்சி குடுத்தா, ஒருத்தி சேலை குடுத்தா, ஒருத்தி கூரைக்கு ஓலை குடுத்தா. அப்படித்தான் பேச்சி பொழைச்சா.

அவளுக்குப் பச்சிலை நல்லாத் தெரியும். யாருக்கு நோவுன்னாலும் இலை பறிச்சு அரைச்சுக் குடுப்பா, கை நீட்டி ஒண்ணும் வாங்க மாட்டா. "நான் தின்ன சோத்துக்கு இது காணுமா?"ம்பா.

ஆனா அவ பேச்சு வேற. இவுங்க கிணறும்பாங்க, அவ கேணிம்பா. இவுங்க விளக்குமாறும்பாங்க, அவ வாரியலும்பா. இவுங்க பரங்கிக்காம்பாங்க, அவ பூசணிக்காம்பா. மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் புள்ளைங்க ரெண்டு பேச்சும் பேச ஆரம்பிச்சுது. "பேரு ரெண்டு தெரிஞ்சா ஊரு ரெண்டுல சோறு கெடைக்கும்"னு இருளாயி சொல்லுவா.

இப்படி இருக்கறப்ப, அந்த நாட்டு ராசாகிட்ட சிங்காரமூர்த்தின்னு ஒரு மந்திரி வந்து சேந்தான். ராசா வெள்ளந்தி. மந்திரி என்ன சொன்னான் தெரியுமா? "மகாராசா, சனங்க ஒரே பொருளுக்கு ஒம்பது பேரு சொல்லுது. அதுனாலதான் நாட்டுல சண்டை. இனிமே ஒரு பொருளுக்கு ஒரே பேரு. அதை நானே வைக்கிறேன்"னான். ராசாவும் சரின்னுட்டான்.

உடனே மந்திரி ஓலையைச் சின்னச் சின்னதா நறுக்கி, பேரு எழுதி, எல்லாத்துலயும் கட்டச் சொன்னான். ஆனா சோம்பேறிப் பய! வேம்பு, புளி, புங்கை எல்லாத்துக்கும் 'மரம்'னு ஒரே நறுக்கு. காக்கா, கொக்கு, மைனா எல்லாத்துக்கும் 'குருவி'. தரையில மொளைச்சது அம்புட்டும் 'செடி'. வேற பேரு சொன்னா, சொன்ன பொருளை அரமனைக்குப் புடிச்சுட்டுப் போயிருவாங்க. மறுபடி சொன்னா நாக்குல சூடு. ஒரு கெழவன் தன் ஆட்டை வாய் தவறி 'வெள்ளாடு'ன்னுட்டான். அரமனைக்குன்னு ஓட்டிட்டுப் போன ஆடு எங்க போச்சு? மந்திரி வீட்டுத் தொழுவத்துக்குப் போச்சு! பேச்சி 'கேணி'ன்னு சொல்லிட்டா, கேணியைத் தூக்க முடியாதுன்னு அவளோட ஒரே குடத்தைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து அவ வாயையே தொறக்கறதில்ல.

அப்ப என்னாச்சு, ராசாவோட மூணு வயசு மவளுக்கு ஒடம்பெல்லாம் சொறி. புள்ள ராவும் பகலும் அழுவுது, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு வைத்தியரைப் பல்லக்குல கூட்டியாந்தாங்க. வயசானவரு, கண்ணும் மங்கல். புள்ளையைத் தடவிப் பாத்து, "பூனைவணங்கி கொண்டாங்க. மஞ்சளோட அரைச்சுப் பூசினா ஆறிரும்"னாரு.

பூனைவணங்கியா? யாருக்குத் தெரியும்? எல்லாம்தான் 'செடி' ஆச்சே! மொத நாளு காவக்காரங்க ஒரு பூனையைத் தோட்டத்துல விட்டு, எதைக் கும்புடுதுன்னு பாத்தாங்க. அது மீன் முள்ளைத்தான் கும்புட்டுச்சு. ரெண்டாம் நாளு கோயில் பூனை படுத்திருந்த துளசியைப் பறிச்சுட்டுப் போனாங்க. வைத்தியரு மோந்து பாத்து இல்லன்னுட்டாரு. மூணாம் நாளு மந்திரி, "நானே கொண்டாரேன்"னு கெளம்பிட்டான்.

சங்கதி செங்குளத்துக்கு வந்துச்சு. பேச்சிக்குத் தெரியும், அது அவ பொறந்த ஊருல அந்தச் செடிக்குச் சொல்ற பேரு. ஆனா சொன்னா நாக்குல சூடு. இருளாயி அவ கையைப் புடிச்சுக்கிட்டு, "வேணாம்டி, போவாத"ன்னு அழுதா. பேச்சி ரொம்ப நாள் கழிச்சு வாயத் தொறந்தா. "அக்கா, நீ ஊத்துன கஞ்சியைக் குடிச்ச வாய் இது. ஒரு புள்ள அழுவுறப்ப மூடிக்கிட்டு இருந்தா, அந்தக் கஞ்சிக்கு என்ன மரியாதை?"ன்னு சொல்லிட்டு நடந்தா.

அவ அரமனைக்குள்ள நொழையறா, மந்திரி, அரமனைத் தோட்டக்காரன் துண்டுல சுத்திக் கொண்டாந்து குடுத்த இலையைப் பெருமையா விரிச்சுக் காட்டறான், தாதி புள்ளையைத் தூக்கிட்டு வாரா. பேச்சி அந்த இலையைப் பாத்தா. "ஐயோ! அது காஞ்சொறி! புள்ள மேல படக் கூடாது!"ன்னு கத்திட்டா.

"வேற பேரு சொல்றா! போடு நாக்குல சூடு!"ன்னு மந்திரி குதிச்சான்.

ராசா மவளைப் பாத்தான், பேச்சியைப் பாத்தான், இலையைப் பாத்தான். அப்பத்தான் அவனுக்குப் புத்தி வந்துச்சு. "மந்திரி, நல்ல இலைன்னா ஒன் கையில மொதல்ல தேய்ச்சுக் காட்டு"ன்னான்.

"இதென்ன பெரிய காரியம்"னு மந்திரி முழங்கை வரைக்கும் அழுத்தித் தேய்ச்சான் பாரு! ஒண்ணு, ரெண்டு, மூணு எண்றதுக்குள்ள கை செவந்து, தடிச்சு, "எரியுதே! அரிக்குதே!"ன்னு தூணுல போய்த் தேய்க்கறான், செவுத்துல போய்த் தேய்க்கறான், ராசா சிம்மாசனத்துல போய்த் தேய்க்கறான்!

பேச்சி நிக்கல. அரமனைக்குப் பின்னாடி குப்பைமேட்டுக்கு ஓடி, ஒரு கை இலை பறிச்சாந்து, "ஐயா, எங்க பக்கம் இது பூனைவணங்கி, இங்க இது குப்பைமேனி"ன்னு குடுத்தா. வைத்தியரு கசக்கி மோந்து, "இதேதான் தாயி!"ன்னாரு. அரைச்சுப் பூசினாங்க. அழுத புள்ள, உச்சிப்பொழுதுக்குள்ள தாய் மடியில தூங்கிருச்சு. எத்தனை நாளைக்கு அப்புறம் தூங்குது! ராணி பேச்சியோட ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

"என்ன வேணும் கேளு தாயி"ன்னான் ராசா.

"ஒண்ணும் வேணாம் ராசா. நாதியத்து நின்னப்ப செங்குளத்துச் சனங்க என்னையத் தாங்குச்சுங்க. அதுங்க வாயைக் கட்டிப் போட்டது போதும், அவுத்து விட்டுருங்க."

அன்னைக்கே நறுக்கெல்லாம் அடுப்புக்குப் போச்சு. மந்திரிக்கு என்ன தண்டனை தெரியுமா? புடிச்ச ஆடு, மாடு, கோழி, குடம் அம்புட்டையும் வீடு வீடாக் கொண்டு போய், "ஆத்தா, இதுக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?"ன்னு கேட்டு, அந்தப் பேரை மூணு தடவை சொல்லித் திருப்பிக் குடுக்கணும். வாயில சொல்லிக்கிட்டே கையையும் சொறிஞ்சுக்கிட்டே போனான். கடைசியில பேச்சி வீட்டுக்கும் வந்தான். அவ குடத்தை வாங்கி வச்சுட்டு, "கையை நீட்டு. அரிப்பு யாருக்கும் அரிப்புதான்"னு அவனுக்கும் மருந்து அரைச்சுப் பூசி விட்டா. மந்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நாட்டை விட்டே போயிட்டான்.

அடுத்தவன் வாயைப் பூட்டுனவன் தன் கையைச் சொறிவான், சோறு போட்டவுங்களை நெனைச்சவ ஊரையே காப்பாத்துவா. பேச்சியும் நல்லா இருந்தா, செங்குளமும் நல்லா இருந்துச்சு, உம் கொட்டுன நீங்களும் நல்லா இருங்க. போங்க, பாயை விரிங்க.