மூழ்கிய மோட்டாருக்கு ஒரு ஸ்டாண்ட்

இந்தப் புதிரை அவிழ்க்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நிதானம் போதும். அன்று அந்த வீட்டில் இல்லாமல் போனது அதுதான்.

கரை திரும்பும்போது தொபியாஸின் படகை அலை கவிழ்த்துப் போட்டது. ஆள் தப்பினான், பின்பலகையில் மாட்டியிருந்த மோட்டார் கடலுக்குள் போய்விட்டது. மச்சினன் ரோமால்டு முங்கிக் கயிறு கட்ட, ஊரே சேர்ந்து இழுத்தது. முற்றத்தில் கிடந்த மோட்டாரிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அது போனால் தொபியாஸுக்குத் தொழில் இல்லை. இன்னொன்று வாங்க இந்தப் பிறவியில் வழியும் இல்லை. கடலரிப்பில் சாலை அறுந்து கிடந்ததால், மெக்கானிக் மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

தொபியாஸ் பித்துப் பிடித்தவன் போல உடைந்த துடுப்பையும் வீட்டுக் கதவையும் அறுத்தான். இரண்டு கால்கள், குறுக்கே பின்பலகை கனத்தில் ஒரு சட்டம். "ஸ்டாண்டுல நிமித்தி மாட்டினா தண்ணி வடிஞ்சிரும். காத்துல காஞ்சா பிழைச்சிரும்," என்றான்.

"காயிறது வரைக்கும் என்னத்துக்கு, அத்தான்? இப்பவே ஸ்டார்ட் கயித்த இழுத்து ஓட்டுங்க. உள்ள கெடக்கிற தண்ணிய அதுவே கக்கிரும்," என்றான் ரோமால்டு.

தொபியாஸின் மனைவி மெற்றில்டா நீல டிரம்மைக் காட்டினாள். அதில் இருந்தது குடிதண்ணீர். தண்ணீர் லாரி வந்து நாளாகிவிட்டது. தெருவில் யாரிடமும் கடன் கேட்கச் சொட்டு இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு குடம் மொண்டு வைத்துவிட்டாள். "மெஷின் முங்குற மாதிரி இதுக்குள்ள தலகீழா இறக்குங்க. மெக்கானிக் வாறது வரைக்கும் எடுக்கப்பிடாது."

"ஏட்டி, கடல்ல முங்குனது போதாதா?" என்று கத்தினான் தொபியாஸ். அழுகையும் சேர்ந்தே வந்தது.

"மீன் வெட்டுற கத்தி சட்டித் தண்ணிக்குள்ள கெடந்தா ஒண்ணும் ஆகல்ல. ஈரத்தோட வெளிய வச்சாத்தான் செவந்து போவுது. நான் தெனம் பாக்கேன்லா?"

நீங்கள் அந்த முற்றத்தில் நின்றிருந்தால், மூவரில் யார் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்?

விடை: மெற்றில்டாவின் பேச்சை. உப்பில் நனைந்த இரும்பைத் தின்பது காற்று. நல்ல தண்ணீருக்குள் அதற்கு வேலை குறைவு. உள்ளே தண்ணீரும் மணலும் இருக்கும்போது கயிற்றை இழுத்திருந்தால் மெஷின் உடைந்திருக்கும். தொபியாஸின் ஸ்டாண்டில் குற்றமில்லை, ஒரு நாள் முந்திவிட்டது, அவ்வளவுதான். இரவெல்லாம் டிரம்மில் முங்கிக் கிடந்த மோட்டாரை மறுநாள் மெக்கானிக் கழற்றித் துடைத்து, எண்ணெய் மாற்றி, அந்த ஸ்டாண்டில்தான் மாட்டினார். மோட்டார் இரைந்ததும் தொபியாஸ் ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.