தூர்ந்த துளை

துறவி மருதாயி அம்மை தன் மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் போய் எதிரே நின்றாள். கருப்பைவாய்ப் புற்றுக்கு அவளுக்குக் கதிர்வீச்சு, ஊர்ப்பேச்சில் கரண்டு, வைத்து முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வயது முப்பதுகூட இல்லை.

"அம்மா, எனக்குக் காவி கொடுங்க."

"புருஷன் என்ன சொன்னான்?"

"விரதம்னு சொல்லிட்டேன். பாயைச் சுருட்டிக்கிட்டு அடுத்த அறைக்குப் போயிட்டாரு."

"அவனைப் பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படியில்லம்மா." பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு தடவை பக்கத்துல வந்தாரு. உசிரு போற வலி. கரண்டு வச்சா உள்ள சுருங்கிடுமாம். நர்சம்மா விரல் மாதிரி ஒண்ணு கொடுத்தாங்க, வழுவழுன்னு ஒரு களிம்பும். சுருங்காம இருக்க நாமளே உள்ள வச்சு வச்சுப் பழகணுமாம். சீ! அரிசிப் பானைக்குப் பின்னால போட்டுட்டேன்."

அம்மை அவள் முகத்தையே பார்த்தார்.

"மூக்குத்தி எங்கட்டி?"

"ஸ்கேனுக்குக் கழட்டச் சொன்னாங்க. இப்ப போடப் போனா ஏற மாட்டேங்குது. தூர்ந்துபோச்சு."

அம்மை விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, ஒரு வேப்பிலையை உருவி ஈர்க்கை எடுத்தார். தேங்காயெண்ணெயில் தோய்த்து அவள் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஏத்திவிடுங்கம்மா."

"உன் மூக்கு வலிக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

பேச்சியம்மாள் வைத்து அழுத்தினாள். கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்குதும்மா."

"நிறுத்து. மூச்சை விடு. இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொடு. இன்னிக்குப் போற மட்டும் போகட்டும்."

நுனிதான் நுழைந்தது.

பேச்சியம்மாள் தினமும் விடாமல் வந்தாள். மெல்லிய ஈர்க்கு போய்த் தடித்த ஈர்க்கு வந்தது. ஒரு காலையில் மூக்குத்தி சட்டென்று ஏறிக்கொண்டது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. பிறகு, வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"அம்மா, காவி?"

அம்மை உள்ளே போய் ஒரு காவிச் சேலையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். துளை தூர்ந்து கிடந்தப்போ நீ மூக்குத்தி போடாம இருந்தியே, அது துறவா?"

பேச்சியம்மாள் சேலையை மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்தாள். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அரிசிப் பானை கண்முன் நின்றது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அவருகிட்ட என்னம்மா சொல்றது?"

"எங்கிட்டச் சொன்னியே, அதையே சொல்லு. வலிச்சா நிறுத்தச் சொல்லு. உன் வாயும் தூர்ந்தா போச்சு?"