கிளையில் ஒரு காலி இடம்

மலையடிவாரத்துப் புதரில் ஒரு கொண்டைக்குருவி இருந்தாள். இரண்டு தரம் முட்டையிட்டாள். இரண்டு தரமும் பாம்பு குடித்துவிட்டுப் போனது. மறுபடியும் வயிறு கனத்தபோது, "பாம்பு ஏறாத உச்சிக்கே போயிடுறேன்" என்று கிளம்பினாள்.

பறக்கப் பறக்க மூச்சு இரைத்தது. சாயங்காலம் உச்சிக்கு வந்து சேர்ந்தாள். ஒரே மூடுபனி. ஒரு கிளையில் அவள் இனத்துக் குருவிகளே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அப்பாடா, சொந்தக்காரங்க!" என்று பக்கத்தில் உட்கார்ந்து கொண்டையைத் தூக்கி வணக்கம் சொன்னாள். அவர்கள் கொண்டையும் தூக்கித்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

ஒரு கண்கூட இமைக்கவில்லை.

"கத்தாதே. அவங்க பேசமாட்டாங்க" என்று கீழே மரப்பொந்திலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே ஒரு சாம்பல் குருவி உப்பலாக அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

"நீ யாருடி, தலகாணி மாதிரி?" கொண்டைக்குருவிக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த மலைக்காரி. உன் பக்கத்துல இருக்காளே, அவளும் வந்தப்போ இப்படித்தான் சிரிச்சா. தொட்டுப் பாரு."

அலகால் தொட்டாள். டக்கென்று கல்லைத் தட்டின சத்தம். இறகெல்லாம் உப்பு பூத்த மாதிரி உறைபனி.

"குளிர் ஒரே ராத்திரியில பழகிடும்னு இவங்களும் சொன்னாங்க" என்றாள் மலைக்காரி.

"உனக்கு மட்டும் எப்படிப் பழகுச்சு?"

"நான் ஒருத்தியாப் பழகிக்கல. எங்க வம்சம் தலைமுறைக்கு ஒரு மரமா மேல ஏறி வந்துச்சு. பஞ்சுத் தூவி மெலிஞ்ச குஞ்சு செத்துச்சு, அடர்ந்த குஞ்சு பொழச்சு முட்டையிட்டுச்சு. இந்தப் பஞ்சும், இந்த உசரத்துக்கு ஏத்த மூச்சும் முட்டை வழியா எனக்கு வந்தது."

"உன் பொந்துல கொஞ்சம் இடம் குடேன்."

"தரேன். நீ பொழைப்பே. உன் குஞ்சு பொழைக்காது."

கொண்டைக்குருவி வரிசையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு காலி இடம் இருந்திருக்கிறது. அதில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். காலை எடுத்தாள், வரவில்லை. கிளையோடு ஒட்டிப்போயிருந்தது. வெடுக்கென்று இழுத்ததில் ஒரு நகம் அங்கேயே நின்றுவிட்டது.

விழுந்தடித்து இறங்கினாள். பழைய புதருக்கு ஒரே ஒரு மரம் மேலே கூடு கட்டினாள். அங்கே குளிர் கொஞ்சம் கூடுதல். தேடி வந்த பாம்பு பாதி வழியிலேயே விறைத்துத் திரும்பியது.

இரண்டு குஞ்சு பொரிந்தது. ஒன்று குளிரில் போய்விட்டது. மற்றதற்கு அம்மாவைவிடத் தூவி அடர்த்தி. இறக்கை முளைத்ததும் அது அடுத்த மரத்தை அண்ணாந்து பார்த்தது.

பல தலைமுறை சேர்ந்து உடம்புக்குக் கொடுத்ததை, ஒரு நாள் ஆசை வாங்கித் தராது.