கண் பார்த்து நட்ட கிழங்கு

முன்னொரு காலத்தில், மிளகுக்கு மட்டும் பஞ்சமில்லாத ஒரு மலைநாட்டில், மழவராயன் என்று ஒரு ராஜா இருந்தான். ராஜா என்றதும் ஏழடுக்கு மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவன் அரண்மனையில் ஓடு வேய்ந்தது மூன்று அறைதான். மீதிக்குப் புல் கூரை. அவன் நாட்டில் மொத்தம் அறுபது வீடு. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு தோட்டம்.

இரண்டு வருஷமாக அந்த மலையை மழை ஏமாற்றியது. சாமை கருகியது. தினை கருகியது. கேழ்வரகும் கருகியது. ஊற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அது காணும், வயலுக்குக் காணாது. அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஆளுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்குத் தானியம் அளந்து போட்டார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு?

அப்படியிருக்கும்போது, பங்குனி மாதத்தில் ஒரு வணிகர் கழுதைகளோடு அந்த வழியாக வந்தார். அவரிடம் ஒரு மூட்டை நிறைய உருண்டை உருண்டையாகக் கிழங்கு இருந்தது. அந்த ஊரில் யாரும் அதற்குமுன் உருளைக்கிழங்கைப் பார்த்ததில்லை. ராஜா தன்னிடமிருந்த மலைத்தேனை எல்லாம் கொடுத்து மூட்டையை வாங்கினான். வீட்டுக்கு மூன்று கிழங்கு என்று பங்கு போட்டான்.

"இதைத் தோட்டத்தில் நடுங்கள். ஆடி முதல் நாள் வந்து பார்க்கிறேன். விளைந்திருந்தால் இங்கேயே இருப்போம். இல்லையென்றால் ஊரையே காலி செய்துகொண்டு கீழே இறங்கவேண்டியதுதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்றான் ராஜா.

கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். திசைக்கு ஒருவராகப் போய் யார் யார் வீட்டு வாசலிலோ வேலை கேட்டு நிற்கவேண்டும்.

அந்த ஊரில் தமுக்கு அடித்துச் சேதி சொல்கிறவன் பெயர் மாசாணம். குரல் என்றால் அப்படியொரு குரல். இந்த மலையில் அவன் கத்தினால் அடுத்த மலையில் மாடு திரும்பிப் பார்க்கும். குரல் பெரிதாக இருந்ததால் கௌரவமும் பெரிதாக இருந்தது. ராஜா சொன்னாலும் சரி, பூசாரி சொன்னாலும் சரி, தலையை ஒரு ஆட்டு ஆட்டுவானே தவிர, திருப்பிக் கேட்கமாட்டான்.

கிழங்கை எப்படி நடுவது என்று வணிகரிடம் கேட்டுவர ராஜா அவனைத்தான் அனுப்பினான். வணிகர் சுருக்கமாக மூன்று சொல் சொன்னார்.

"கண் பாத்து நடணும். மண் அணைக்கணும். தலை சாஞ்சதும் எடுக்கணும். வெளங்கிச்சா?"

ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மாசாணம் தலையை ஆட்டினான். "நல்லா வெளங்கிச்சுங்க!" என்றான். நேரே ஊருக்கு வந்து தமுக்கை எடுத்தான்.

"கண் பாத்து நடணும்! மண் அணைக்கணும்! தலை சாஞ்சதும் எடுக்கணும்!" மூன்று தெருவிலும் மும்மூன்று முறை முழங்கினான். ஊரே தலையை ஆட்டியது.

இனி அந்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள்.

மேலத்தெரு நாச்சியக்கா கிழங்கைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மாடி! உடம்பெல்லாம் கண்ணு! இத்தனை கண்ணு பட்டா எந்தப் பயிர் வெளங்கும்? அதான் கண்ணைப் பாத்து நடச் சொல்லியிருக்காக" என்றாள். உப்பும் மிளகாயும் எடுத்துக் கிழங்குக்கு மூன்று முறை சுற்றிப் போட்டாள். அதோடு விட்டாளா? கத்தியை எடுத்து ஒரு கண் விடாமல் ஆழமாகத் தோண்டினாள். தோண்டிய கண்ணை எல்லாம் எருக்குழியில் வீசிவிட்டு, குருட்டுக் கிழங்கை நட்டாள். நாச்சியக்கா விவரமானவள் என்று பேர் எடுத்தவள். ஆகவே பாதி ஊர் அவளைப் பார்த்து அப்படியே செய்தது.

நடுத்தெரு கொம்பையன் இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டான். "மண்ணை அணைக்கணும்னா என்ன அர்த்தம்? உள்ளுக்குள்ள எரியுதுன்னுதானே அர்த்தம்?" என்றான். காலையில் மூன்று குடம், மத்தியானம் மூன்று குடம், சாயங்காலம் மூன்று குடம் ஊற்றி அணைத்தான். பாத்தி சேறாகி, சேறு குட்டையாகி, குட்டையில் தவளையும் வந்து சேர்ந்தது.

கீழத்தெருப் பூசாரி இருளப்பனுக்கு மூன்றாவது சொல்தான் பிடித்திருந்தது. தலை சாய்ந்ததும் எடுக்கவேண்டும், அவ்வளவுதானே? சாப்பிட்டுவிட்டுத் தினமும் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். எழுந்ததும் தோட்டத்துக்குப் போய்க் கிழங்கைத் தோண்டி எடுத்துப் பார்த்தார். மறுபடி புதைத்தார்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டானுக்குத் தெரிந்திருக்கும், நமக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அவமானம் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படி வாயை மூடாதவள் ஒருத்தி இருந்தாள். அவள் மாசாணத்தின் மனைவி செவ்வந்தி.

"கண்ணுன்னா எந்தக் கண்ணுங்க?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?" என்றான் மாசாணம்.

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கிறேன்."

மாசாணம் தமுக்கைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான். செவ்வந்தி ஒரு கிழங்கை மட்டும் கண்ணைத் தோண்டி நட்டுப் பார்த்தாள். மற்ற இரண்டையும் பானைக்குள் பத்திரமாக வைத்தாள்.

பத்து நாளில் ஊரெல்லாம் ஒரு நாற்றம் கிளம்பியது. குருட்டுக் கிழங்கு அழுகிவிட்டது. குட்டைக் கிழங்கு கரைந்துவிட்டது. பூசாரியின் கிழங்கு, தினமும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தோ என்னவோ, சுருங்கிப் போய்விட்டது. அறுபது வீட்டிலும் ஒரு முளை இல்லை.

மாசாணத்துக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்குச் சோறும் இல்லை என்பது வேறு விஷயம். வணிகர் இன்னும் தூரமாகப் போய்விடவில்லை. ஒரு கழுதைக்குக் கால் பிசகி, அரைநாள் நடையில் இருந்த கணவாய்ச் சத்திரத்தில் தங்கியிருந்தார். போய்க் கேட்டால் ஆயிற்று. ஆனால் என்னவென்று கேட்பது? 'நல்லா வெளங்கிச்சு' என்று அன்றைக்குச் சொன்ன வாயால் இன்றைக்கு எப்படிக் கேட்பது?

முதல் தடவை கிளம்பினான். பாதி வழியில் வெட்கம் வந்து திரும்பிவிட்டான்.

இரண்டாம் தடவை சத்திரம் வரைக்கும் போய்விட்டான். "வாங்க, என்ன விஷயம்?" என்று வணிகர் அன்பாகக் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, கழுதைக்குக் கால் எப்படியிருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான். கழுதையின் காலைப் பார்த்தான். வணிகர் கொடுத்த சுக்குத் தண்ணீரைக் குடித்தான். அப்படியே வந்து சேர்ந்தான்.

வீட்டுக்கு வந்தால், செவ்வந்தி மீதி இரண்டு கிழங்கையும் கழுவி உலைத்தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பு மூட்டக் குனிந்திருந்தாள்.

"என்ன புள்ள செய்யிற? அது விதைக் கிழங்காச்சே!"

"நட்டா அழுகுது. அவிச்சா ஒரு வேளைக்காவது ஆகும்" என்றாள் செவ்வந்தி. நிமிர்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "கண்ணுன்னா என்னன்னு சொல்லுங்க, நடறேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மாசாணம் வாசலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கடைசியில் தரையைப் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

அடுத்த மலைக்குக் கேட்கிற அந்தக் குரல், அன்றைக்கு அடுப்பங்கரைக்கே சரியாகக் கேட்கவில்லை. செவ்வந்திக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட அதிகமாக நிம்மதி வந்தது. கிழங்கைத் தண்ணீரிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"இதைச் சொல்ல இத்தனை நாளா? போய்க் கேட்டுட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இது அடுப்புல ஏறாது."

மூன்றாம் தடவை மாசாணம் நடக்கவில்லை, ஓடினான். மூச்சு வாங்க வணிகர் முன்னால் போய் நின்று, "ஐயா, நீங்க அன்னிக்குச் சொன்னதுல ஒரு சொல்லுகூட எனக்கு வெளங்கலீங்க. மறுபடி சொல்லுங்க" என்றான். வணிகர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு கிழங்கை எடுத்து, கத்தியால் நறுக்கி, ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். புரியாத இடத்தில் எல்லாம் மாசாணம் திருப்பித் திருப்பிக் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் தமுக்குச் சத்தம் கேட்டு ஊர் கூடியது.

"இதனால சகலருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா," என்று தொடங்கினான் மாசாணம். பிறகு, இருந்த குரலை எல்லாம் கூட்டிக் கத்தினான். "நான் அன்னிக்குச் சொன்ன மூணு சொல்லும் எனக்கே வெளங்கலீங்கோ! வெளங்காமத்தான் முழங்கினேன்! என்னை மன்னிச்சிடுங்கோ!"

கல்லை எடுப்பார்களோ, கட்டையை எடுப்பார்களோ என்று மாசாணம் தமுக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் வெளங்கலப்பா" என்றான் கொம்பையன் மெதுவாக.

"எனக்குந்தான்" என்றார் பூசாரி.

"கேட்டா நல்லா இருக்காதேன்னு இருந்துட்டேன்" என்றாள் நாச்சியக்கா. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பசித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள்.

"கண்ணுன்னா கிழங்கோட கண்ணுதான்" என்று மாசாணம் சொன்னான். "முளை வர்றதே அதுலதான். துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்குதான்னு பாத்து நடணும். கண்ணு மேல பாக்க வைக்கணும்."

நாச்சியக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ! அத்தனை கண்ணையும் தோண்டி எருக்குழியில போட்டேனே!"

சொல்லிவிட்டு அவள் ஓட, பின்னாலேயே ஊரும் ஓடியது. எருவைக் கையால் விலக்கினார்கள். அங்கே, சதையோடு தோண்டி எறிந்த கண் ஒவ்வொன்றிலும், விரல்நுனி அளவுக்கு முளை விட்டிருந்தது. நாச்சியக்கா அதைப் பார்த்து ஓவென்று அழுதாள். பாதி ஊர் எருக்குழியிலும் அப்படித்தான் இருந்தது. அதையும், செவ்வந்தி வைத்திருந்த இரண்டு கிழங்கையும் நறுக்கி, அறுபது தோட்டத்துக்கும் பங்கு போட்டு நட்டார்கள்.

செடி ஒரு சாண் வந்ததும் மண்ணை அணைத்தார்கள். தண்ணீர் ஊற்றி அல்ல. பிள்ளையை அணைக்கிற மாதிரி, இரண்டு பக்கத்து மண்ணையும் தண்டோடு சேர்த்துக் குவித்தார்கள். செடி வளர்ந்தது. வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்தது. ஊரார் தினமும் வந்து வந்து பார்த்தார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஊரார் தலையில் ஓர் இடி விழுந்தது. இலை மஞ்சளானது. தண்டு துவண்டது. அறுபது தோட்டத்திலும் செடியெல்லாம் தரையில் சாய்ந்துவிட்டது.

"செத்துப்போச்சு" என்றார்கள் ஊரார். "கண்ணும் பாத்தோம், மண்ணும் அணைச்சோம், என்ன பிரயோசனம்?" தலை சாயும் என்று மாசாணம் முன்பே சொல்லியிருந்தும், இப்படிக் காய்ந்து சாயும் என்று ஒருவரும் நினைக்கவில்லை; தோண்டிப் பார்க்கவும் துணியவில்லை. சிலர் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

ஆடி முதல் நாள் ராஜா வந்தான். பொதி சுமக்கிற மாடுகளோடு, எதற்கும் தயாராகத்தான் வந்தான். முதலில் தமுக்குக்காரன் வீட்டுத் தோட்டத்துக்கே போனான். காய்ந்து கிடந்த செடியைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது.

"மாசாணம், உண்மையைச் சொல். இது செத்த செடியா, விளைந்த செடியா? உனக்குத் தெரியுமா?"

பழைய மாசாணமாக இருந்தால், 'நல்லாத் தெரியும்' என்று தலையை ஆட்டியிருப்பான். இந்த மாசாணம் கைகட்டிச் சொன்னான்.

"தெரியாதுங்க ராசா. இந்தச் செடியை நான் இப்பத்தான் மொத மொத பாக்கிறேன். தலை சாஞ்சா கீழே கிழங்கு முத்திடுச்சுன்னு அர்த்தம்னு வணிகர் சொன்னாரு. கேட்டதைச் சொல்லிட்டேன். மெய்யா பொய்யான்னு தோண்டினாத்தான் தெரியும்."

"சரி, தோண்டு" என்றான் ராஜா.

செவ்வந்தி மண்டியிட்டாள். மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயந்து கையாலேயே தோண்டினாள். முதல் கை மண்ணை அள்ளினாள், மண்தான் இருந்தது. இரண்டாம் கை அள்ளினாள், அப்போதும் மண்தான். மூன்றாம் முறை உள்ளே போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன புள்ள?" என்றான் மாசாணம்.

செவ்வந்தி ஒரு கிழங்கை எடுத்து வெளியே வைத்தாள். இன்னொன்றை வைத்தாள். இன்னொன்றை வைத்தாள். ஒரு செடிக்குக் கீழே மட்டும் பதினொரு கிழங்கு. குழந்தைத் தலை அளவுக்கு ஒன்று, எலுமிச்சை அளவுக்கு இரண்டு, மற்றவை நடுத்தரம். ஈர மண்ணோடு அவை வெயிலில் கிடந்ததைப் பார்த்து, ராஜா அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"மாடுகளை அவிழ்த்து மேயவிடுங்கள். யாரும் எங்கேயும் போகவேண்டாம்" என்றான். சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஊர் அவரவர் தோட்டத்துக்குப் பறந்தது. சற்று நேரத்தில் மேலத்தெருவிலிருந்து ஒரு கூச்சல், நடுத்தெருவிலிருந்து ஒரு கூச்சல், கீழத்தெருவிலிருந்து பூசாரியின் கூச்சல். எல்லாம் சந்தோஷக் கூச்சல். அன்று மத்தியானம் அறுபது வீட்டிலும் கிழங்கு அவித்து, உப்பும் மிளகும் தூவி, விரல் சுடச்சுடத் தின்றார்கள். விதைக்கென்று நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தது போகத்தான் தின்றார்கள். சுருட்டிய பாயை எல்லாம் மறுபடி விரித்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறைந்து படுத்துக்கொண்டார்கள்.

கேட்டவர்களே, உங்கள் வயிறும் நிறையட்டும். கதை சொல்லும் நீதி இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை, தெரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் தனக்கும் ஊருக்கும் கேடு.