கண்ணாடிக்குப் பின்னால்

“சாமி, நீங்க எனக்கு ரெண்டு பொட்டு வச்சுத் தரணும்,” என்றாள் உலகம்மை.

மடத்துச் சாமியார் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அவளுடைய மகனாக இருக்கும் வயதுதான். ஆனாலும் ஊரில் யாருக்கு மனம் விட்டுப்போனாலும் அவரிடம்தான் வருவார்கள்.

“நெத்தியிலயா?”

“சுவத்துல.”

அவர் கீரையைக் கீழே வைத்தார்.

“கோயில் மண்டபத்துக் கடைசிச் சுவத்துல ஒரு அம்மன் இருக்கா. கண்ணு இல்ல. திறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. குடமுழுக்கு வருதுன்னு நாளைக்கு வெள்ளையடிக்க வர்றாங்க. கண்ணு இல்லாதது அம்மன் இல்ல, வெறும் சுவருதான்னு தர்மகர்த்தா சொல்லிட்டாரு.”

“திறந்துட்டா?”

“அம்மன் ஆயிடுவா. அப்புறம் யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“நீங்களே திறக்கலாமே.”

உலகம்மை சிரித்தாள்.

“பொம்பளை திறந்தா அது திறந்ததே இல்ல சாமி. இந்த ஊரு வழக்கம் தெரியாதா உங்களுக்கு?”

தெரியும். கண் திறந்தவர்தான் ஓவியர். மற்றதெல்லாம் எடுபிடி வேலை. அதனால்தான் அந்த மண்டபத்துக்கே அவள் கணவர் பெயரில் நல்லபெருமாள் மண்டபம் என்று பெயர்.

“அங்க இருக்கிற படமெல்லாம் உங்க வீட்டுக்காரர் வரைஞ்சதா?”

“வாசல்கிட்ட இருக்கிற முருகன் அவரு. நல்ல கை. பொய் சொல்லக்கூடாது. அதோட வாதம் வந்து படுத்துட்டாரு. அப்புறம் கோடு, சாயம், நகை, சேலை மடிப்பு, கிளி எல்லாம் நான்தான். கடைசியில அவரைத் தூக்கிட்டு வருவோம். ஒரு விரல் அசையும். அதுல மையைத் தொட்டு ரெண்டு பொட்டு வைப்பாரு. ஊரு கும்பிடும்.”

“உங்களை?”

“போன மாசம் டவுன்லேர்ந்து படம் பாக்க வந்தாங்க. ஓவியர் குடும்பத்துல இப்ப யாரும் இல்லன்னு தர்மகர்த்தா சொன்னாரு. நான் அங்கதான் நின்னேன். போட்டோவுல விழறேன்னு தள்ளி நிக்கச் சொன்னாங்க.”

“தள்ளி நின்னீங்களா?”

“நின்னேன்.”

சாமியார் கீரைத் தண்டுகளை அள்ளி ஓரமாகப் போட்டார்.

“நான் பொட்டு வச்சா, அந்த அம்மன் யார் வரைஞ்சதா ஆகும்?”

“நீங்க வரைஞ்சதா.”

“பரவாயில்லையா?”

“பழகிடுச்சு சாமி. அவ சுவத்துல இருந்தாப் போதும்.”

சாமியார் எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் சாய்ந்த வெயில் வந்திருந்தது. உலகம்மை சுவருக்கு எதிரே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். தேங்காய்ச் சிரட்டை, மை, தூரிகை. அடியில், துணியில் சுற்றிய ஒரு கண்ணாடி.

“இது எதுக்கு?”

“கண் திறந்ததும் அவளோட முதல் பார்வை ஆள் மேல படக்கூடாது. பட்டா எரிச்சிடும். பொட்டு வச்சவர் ஒதுங்கிக்குவாரு. உடனே கண்ணாடியைக் குறுக்கே பிடிக்கணும். அவ முதல்ல அவளையே பாத்துக்கணும்.”

“யார் பிடிப்பாங்க?”

“நான்தான். வேற யாரு?”

“எங்க நிப்பீங்க?”

“இது என்ன கேள்வி? கண்ணாடிக்குப் பின்னாலதான்.”

சிரட்டையில் மையைக் குழைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

அவள் தலையைத் தூக்கி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். வள்ளி இருந்தாள். தோழிகள் இருந்தார்கள். வேலனும் வேடனும் யானையும் இருந்தார்கள். எல்லாருக்கும் கண் இருந்தது.

“சாமி,” என்றாள். “இதுல ஒண்ணுகூட கண்ணு முழிக்கும்போது என்னைப் பாத்ததில்ல.”

சாமியார் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“சாமி?”

“எனக்கு ஒண்ணும் தெரியல அம்மா,” என்றார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. “மறைக்குது.”

“விளையாடாதீங்க. நான் திறந்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு வெள்ளையடிச்சிடுவாங்க.”

“ஆமா.”

“நீங்க திறந்ததாச் சொல்வீங்களா?”

“மாட்டேன். கேட்டா, பாக்கலன்னு சொல்வேன். பாக்கலையே.”

“அப்ப என்னைக் கேப்பாங்க.”

“ஆமா.”

“வந்து பொட்டு வைங்க சாமி. உங்க கால்ல விழறேன்.”

“கால் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல.”

உலகம்மை அழுதாள். வேலைக்காரிகள் அழுவதுபோல, கையை நிறுத்தாமல் அழுதாள். மை குழைந்துவிட்டது.

அவள் எழுந்து சுவர் அருகே போனாள்.

பொட்டு வைக்கவில்லை. இமையிலிருந்து தொடங்கினாள். கடைக்கண்ணில் சிவப்பு தீட்டினாள். ஒரு கண்ணை முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். மற்ற கண்ணுக்கு வந்தபோது வெயில் தூணில் ஏறியிருந்தது.

“கண்ணாடியைக் குறுக்கே கொண்டு வரட்டுமா?” என்றார் சாமியார்.

“வேண்டாம். இங்க கொடுங்க.”

“எரிச்சிடும்னு சொன்னீங்களே.”

“எரிக்கட்டும்.”

கண்ணாடியை வாங்கித் தரையில் கவிழ்த்துவிட்டு, கடைசிக் கருவிழியை வைத்தாள். ஒதுங்கவில்லை.

மறுநாள் காலை தர்மகர்த்தா வந்தார். பின்னால் இசக்கிமுத்து சுண்ணாம்பு வாளியோடு வந்தான். உலகம்மை சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் தூணில் சாய்ந்திருந்தார்.

தர்மகர்த்தா படத்தைப் பார்த்தார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“யார் திறந்தது, சாமி?”

“நான் பாக்கல.”

தர்மகர்த்தா உலகம்மையிடம் திரும்பினார். அவரும் கெட்டவர் இல்லை.

“உங்க வீட்டுக்காரரே முன்னால திறந்து வச்சிருப்பாரோ? மேல அழுக்குப் படிஞ்சிருக்கும், நமக்குத் தெரியாமப் போயிருக்கும். அப்படித்தானே?”

தலையை ஆட்டினால் போதும்.

உலகம்மை படத்தைப் பார்த்தாள். சாமியாரைப் பார்த்தாள். அவர் மேலே விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் திறந்தேன்,” என்றாள்.

தர்மகர்த்தா பெருமூச்சு விட்டார்.

“அப்போ கண்ணு இல்லாததுதான்.”

இசக்கிமுத்துவிடம் கையைக் காட்டிவிட்டு அவர் வெளியே போனார்.

இசக்கிமுத்து வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் முக்கினான். கீழேயிருந்து தொடங்கினான். பாதம் போனது. சேலை மடிப்பு போனது. கையிலிருந்த கிளி போனது. உலகம்மையின் மடியில் கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது.

கழுத்துக்கு மேல் மட்டை ஏறவில்லை.

சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக அவன் கால்மேல் விழுந்தது. ஒரு பக்கம் நகர்ந்து நின்று பார்த்தான். மறுபக்கம் நகர்ந்து நின்று பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

“ஆச்சி,” என்றான். “அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குறுக்கே பிடிங்களேன்.”

“மாட்டேன்,” என்றாள் உலகம்மை.