பிரஷ் இருக்கும் இடம்

தண்டனையில் சாதி பார்க்கக் கூடாது என்று அரசாணை வந்ததும், விசாரிக்க ஒரு அதிகாரி காலையிலேயே பள்ளிக்கூடம் வந்துவிட்டார். அவரை அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டு வீட்டிலிருந்து வந்து சேர்ந்த தலைமையாசிரியர், "லேட்டா வந்தா கக்கூஸ் கழுவணும். இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் சார்" என்றார். பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாளை முறைத்து, "நீயே சொல்லு!" என்றார். மாற்றிச் சொன்னால் வேலை போய்விடும்.

"ஆமாங்கய்யா. சந்தேகம்னா, கழுவுற பிரஷ் எங்க இருக்குன்னு பிள்ளைககிட்டயே கேளுங்க" என்றாள் அவள்.

அதிகாரி கேட்டார். முந்நூறு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் கை தூக்கினார்கள். ஒன்பது பேரும் காலனிப் பிள்ளைகள்.

"மத்தவங்க யாரும் லேட்டா வர்றதில்ல!" என்று கத்தினார் தலைமையாசிரியர்.

"நீங்க இன்னைக்கு லேட்டுதானே? வாங்கய்யா, பிரஷ் இருக்கிற இடத்தக் காட்டுறேன்" என்றாள் பேச்சியம்மாள்.