நொடிக்கு ஒரு முறை கேட்ட வாசல்

ஒரு கணினிக்குள் ஒரு செயற்கை ரத்தக்குழாய் இருந்தது. நிஜக் குழாய் இன்னும் செய்யப்படவில்லை. இது அதற்கான ஒத்திகை. இங்கே தேறினால்தான் வெளியே ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் அதற்கு இடம்.

குழாயின் தலைமாட்டில் வாசல் என்றொருவர் நின்றார். ரத்தத்தை உள்ளே விடுவது அவர் வேலை. எந்தக் கணத்தில் எவ்வளவு வேகம் என்று ஓர் இதயத்தின் துடிப்பைப் பார்த்து எழுதிய அட்டவணை அவர் பக்கத்தில் இருந்தது. வாசலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. காலம் ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அட்டவணையைக் கேட்பார். அது சொன்ன அளவுக்குக் கதவைத் திறப்பார்.

அன்று காலத்துக்கு ஏக உற்சாகம். ஓர் அடிக்கு ஒரு முழு நொடியைத் தாண்டியது.

"இப்ப எவ்வளவு?" என்றார் வாசல்.

"பத்து."

"இப்ப?"

"பத்து."

முப்பதாவது அடியில் அவருக்கு அலுத்துப்போனது. "ஏம்மா, ஏறுவேன் இறங்குவேன்னு பெரிசா பேசினியே. எப்பக் கேட்டாலும் அதே பத்துதானா?"

"நடுவுல தொண்ணூறு வரைக்கும் போயிட்டு வர்றேன் ஐயா. அப்ப நீங்க கேக்கறதில்லையே."

"முப்பது தடவை கேட்டாச்சு. இன்னும் எத்தனை தடவைதான் கேக்கறது?"

கேட்ட கணத்துக்கு மட்டும்தான் அட்டவணை பதில் சொல்லலாம், அதன் பிழைப்பு அப்படி.

கீழே குழாயின் வளைவு காலை நீட்டிப் படுத்திருந்தது. "மெல்லிசா இருந்தாலும் ஜோரா தாங்குறேன் பாத்தீங்களா?" என்று பீற்றிக்கொண்டது. பாவம், தொண்ணூறை அது பார்த்ததே இல்லை.

வெளியே, குழாயை வடிவமைத்த பெர்னதெத் 'தேறியது' என்று எழுதப் பேனாவைத் திறந்தாள். பக்கத்து மேசை மைதீன் டீயோடு எட்டிப் பார்த்தான். திரையில் ரத்தத்தின் வேகக்கோடு ஆடாமல் அசையாமல் நேராகக் கிடந்தது.

"பெர்னா, இந்த ஆளு உயிரோடதான இருக்காரு?"

அவள் சிரித்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. இதயம் நொடிக்கு ஒரு முறை துடிக்கிறது. காலத்துக்கும் நொடிக்கு ஓர் அடிதான் கொடுத்திருக்கிறாள். எல்லா அடியும் துடிப்பு ஓய்ந்த கணத்திலேயே போய் விழுந்திருக்கிறது.

"நல்லவேளை சொன்னே. மோசம் போயிருப்பேன்" என்றபடி ஒரு நொடியை நூறாக நறுக்கினாள்.

"நொடிக்கு நூறு அடியா? என் கால் என்னத்துக்கு ஆகும்?" என்று காலம் முனகிக்கொண்டே நடந்தது.

வாசல் கேட்டார். பத்து. பன்னிரண்டு. முப்பது. தொண்ணூறு. கதவு படீரென்று முழுசாகத் திறந்தது. ரத்தம் பாய்ந்து வந்து வளைவின் விலாவில் மோதியது.

"ஐயோ, பிஞ்சிருவேன் போலிருக்கே" என்று அலறியது வளைவு.

பெர்னதெத் பேனாவை மூடிவைத்துவிட்டு வளைவின் சுவரைத் தடிப்பாக்கினாள். மறுபடியும் தொண்ணூறு வந்தது. வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கியதும், அடுத்த தொண்ணூறுக்குப் பல்லைக் கடிக்கவே தேவைப்படவில்லை.

வாசல் அட்டவணையின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. முப்பது தடவை கேட்டுட்டோம்னு இறுமாப்பா இருந்துட்டேன்."

"முப்பது தடவை எங்கே ஐயா கேட்டீங்க?" என்றது அட்டவணை. "ஒரே தடவைதான் கேட்டீங்க."